நிற்காமல் ஊதிய மத்தியானச் சங்கு

போதைக்காகக் காளான் தின்பதற்கென்றே இப்போது பட்டணத்துப் பையன்கள் பஸ் ஏறி மலைக்கு வருகிறார்களாம். அப்படி வந்த ஒருவனைப் போன மாதம் உங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள் என்று உங்களில் ஒரு இளம் டாக்டர் என் வீட்டுக்கு வந்து சொன்னார். அந்தப் பையன், "ஒரு நிமிஷம் முடியவே மாட்டேங்குது" என்று சொல்லி அழுதானாம். "நீங்களா இருந்தா என்ன ஊசி போட்டிருப்பீங்க சார்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கிழவனிடம் யோசனை கேட்க வந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதே கேள்வியை ஒரு தோட்டத்து ரைட்டர் என் மேஜையைத் தட்டிக் கேட்டது ஞாபகம் வந்தது. அன்று நான் சொல்ல நேர்ந்த பதிலையும், அதற்குப் பிறகு பட்ட பாட்டையும் எழுதிவைத்தால் உங்களுக்கு உதவும் என்று தோன்றியது. ஊசியின் பெயரைத் தேடிப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். இதில் ஊசி கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில், தேவிகுளம் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று டீக்கடைகளில் மூக்கு உடைபட்டுக்கொண்டிருந்த காலம். நான் பாலக்காட்டுக்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஜவுளி வியாபாரம். துணி கிழிக்கிற சத்தம் எனக்குப் பிடிக்காது என்று சொல்லி நான் மட்டும் கம்பவுண்டர் படிப்புக்குப் போனேன். தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் சின்ன மருந்தகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு கட்டில், ஒரு அலமாரி நிறைய பாட்டில், ஒரு ஆயா, நான். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். வாரத்துக்கு ஒரு தரம் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனங்களுக்கு நான்தான் டாக்டர். அந்த மரியாதை முதல் மாதம் தித்திப்பாக இருந்தது. இரண்டாவது மாதம் கசக்க ஆரம்பித்தது.

புஷ்பம் என்று ஒரு பெண். கொழுந்து எடுக்கிறவள். புருஷன் சவரிமுத்து கவ்வாத்து வேலையில், அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்குகிற வேலையில் இருந்தான். இரண்டு பேரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். லூர்து என்று ஒரு பெண் கைக்குழந்தை. இந்தக் கதை நடந்ததற்கு முந்தின நாள்தான் புஷ்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பல் வந்துவிட்டதாம், இவளுக்கு மட்டும் ஒன்றுகூட இல்லையாம்.

"பொக்க வாயாவே நின்னுருவாளோ ஐயா?"

"நின்றால் என்ன, பாயசம் குடித்துக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டும்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் ஈறை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

மறுநாள் அவளுக்கு உடம்பு அலுப்பாக இருந்தது என்று வேலைக்குப் போகவில்லை. முதல் மழை பெய்திருந்தது. ஊரில் மழை விட்டதும் கறையான் புற்றில் முளைக்கிற காளானைப் பறித்துக் குழம்பு வைத்துத் தின்று வளர்ந்தவள் அவள். எங்கள் உயரத்தில் கறையான் புற்று ஏது? லயத்துக்குப் பின்னால் மாட்டுச் சாணக் குவியல்தான் இருந்தது. அதன்மேல் பார்வைக்கு ஊர்க் காளான் போலவே குடை விரித்து நின்றதைப் பறித்து வந்து குழம்பு வைத்தாள். புருஷனுக்கு வேண்டியதை எடுத்து மூடி வைத்துவிட்டுத் தான் சாப்பிட்டாள்.

தொழிற்சாலையின் மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் சவரிமுத்து அவளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தான். பின்னால் ஒரு பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையையும் குழம்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். சவரிமுத்து நல்ல வேளையாகக் குழம்பில் கை வைக்கவில்லை. சாப்பிட வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "எப்ப வந்தீய? எவ்வளவு நாளாச்சு ஒங்களப் பாத்து" என்று அவள் அழுதிருக்கிறாள். காலையில் அவளிடம் சொல்லிவிட்டுப் போனவன் அவன்.

நான் புஷ்பத்தைக் கட்டிலில் உட்காரவைத்தேன். கண்மணி விரிந்திருந்தது. வாந்தி இல்லை, வயிற்றுவலி இல்லை. நாடி கொஞ்சம் வேகம், ஆனால் தடுமாற்றம் இல்லை. அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கம்பவுண்டரய்யாதான? இத்தன வருசமாச்சு, ஒங்களுக்கு ஒரு முடிகூட நரைக்கலியே."

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

"என்னம்மா செய்கிறது உனக்கு?" என்று கேட்டேன்.

"அந்தச் சங்க நிறுத்தச் சொல்லுங்க ஐயா. அது ஊத ஆரம்பிச்சப்ப எம்மக மடியில கெடந்தா. நடந்தா, பள்ளிக்கொடம் போனா, வயசுக்கு வந்தா, கல்யாணமாகிப் போயிட்டா. இன்னும் ஊதிட்டுத்தான் இருக்கு."

"சங்கு எப்பவோ நின்னுட்டு புள்ள" என்றான் சவரிமுத்து. "இப்பத்தான் சோத்து நேரம். காலையிலதான நான் வேலைக்குப் போனேன்?"

ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது. "இப்பத்தானா?" என்றாள். "இவ்வளவும் இப்பத்தான் ஆச்சுன்னா, சாயங்காலம் வர இன்னும் எவ்வளவு கெடக்கு?" என்று கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். யோசித்துப் பாருங்கள், அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு சங்கு ஊதி முடிவதற்குள் ஆயுசு போய்விட்டதென்றால் பொழுது சாய எத்தனை ஆயுசு வேண்டும்?

அவளைத் தேற்ற ஆயா பிள்ளையைக் கொண்டுபோய் மடியில் வைத்தாள். புஷ்பம் பிள்ளையைப் பார்த்தாள். முகத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை. ரொம்ப வாஞ்சையாகத்தான் பார்த்தாள். "லூர்து பெத்த பிள்ளையா? அப்படியே அவ அம்மை மாதிரி இருக்கு" என்று சொல்லி ஆயாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எம்மக வளந்தத நான் பாக்கவே இல்ல ஐயா. கண்ணுக்கு முன்னால ஓடிப் போயிட்டு" என்று அழுதாள். சவரிமுத்து வெளியே போய் வாசல் தூணில் தலையை முட்டிக்கொண்டான். தாயின் பாலைக் குழந்தைக்கு இன்று கொடுக்கக் கூடாது, மாட்டுப் பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடு என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு நான் சட்டியைத் திறந்து பார்த்தேன். அந்தக் காளானை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி சட்டியோடு எடுத்து வந்திருந்த வேகாத ஒன்றின் தண்டில், கத்தி பட்ட இடம் நீலமாகக் கன்றியிருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

ரைட்டர் அப்போதுதான் வந்தார். தோட்டத்து ஆபீசில் மானேஜர் துரைக்கு அடுத்தபடி அவர்தான் எல்லாம். எங்கள் பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"ஏனுங்க பாய், அந்தப் புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சுப்போச்சுன்னு லயமே பேசுதுங்க. போடிக்குத் தேயிலைப் பொட்டி ஏத்தற லாரி நிக்குது. அதுல ஏத்தி உட்ருங்க. கீழ பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு நான் ஏற்பாடு பண்றனுங்க."

"விஷம் ஏறியிருக்கிறது. பைத்தியம் இல்லை" என்றேன்.

"எதுவா இருந்தா என்னங்க? அந்தப் பாறைக்குமேல ஓடி உழுந்து வெச்சா தொரைகிட்ட நானுங்க பதில் சொல்லோணும். தூங்கறதுக்கு ஒரு ஊசி இருக்குமல்லங்க? என்ன ஊசிங்க அது? அதப் போட்டு உடுங்க, அப்பறம் தூக்கி ஏத்தறது எங்க வேலை."

ஊசி இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டும் தூரத்தில். உண்மையைச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் கை போயிற்று. போட்டால் அழுகை நிற்கும், ரைட்டர் போய்விடுவார், சவரிமுத்து முட்டிக்கொள்வதை நிறுத்துவான். எல்லோருக்கும் நிம்மதி. அவளைத் தவிர எல்லோருக்கும். அதை நினைத்ததும் கையை இழுத்துக்கொண்டேன். தூங்குகிறவளை லாரியில் ஏற்றுவது சுலபம். எங்கே விழிப்பாள்? முன்பின் தெரியாத சுவர்களுக்கு நடுவில். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று கேட்பாள். கேட்ட மாத்திரத்தில் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள். பைத்தியம் என்று மலையிறங்கியவளுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. வேலை இல்லாதவளுக்கு லயத்தில் வீடு கிடையாது. பால் மறக்காத பிள்ளையை யாராவது ஊருக்குக் கொண்டுபோவார்கள். மகள் வளர்வதைப் பார்க்கவே இல்லை என்று அழுகிறாளே, அது நிஜமாகவே நடந்துவிடும். அதற்கு வழி செய்தது என் ஊசியாக இருக்கும்.

ஆபீசுக்கு ஓடி டாக்டருக்கு டெலிபோன் செய்தேன். ஆஸ்பத்திரி ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, அவரால் மறுநாள்தான் வர முடியும். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் குரலில் எப்போதும் எரிச்சல்தான்.

"நான் அங்க இல்ல. அவ முன்னால நிக்கறது நீ. என்ன பாக்கறே, அதச் சொல்லு."

பார்த்ததைச் சொன்னேன். என்னை அடையாளம் தெரிகிறது, புருஷனைத் தெரிகிறது, பேச்சில் கோவை இருக்கிறது, நேரத்தின் நீளம் மட்டும்தான் தப்பாக இருக்கிறது என்றேன். 

"சாயங்காலத்துக்குள்ள தெளியும்னு நெனைக்கறேன். நெனைக்கறேன்னுதான் சொல்றேன், கேட்டியா? ஊசி வேண்டாம், கட்டிப் போடவும் வேண்டாம். அவளப் பயப்பட விடாதே." அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

பயப்பட விடாதே என்றால் எப்படி? அதற்கு அலமாரியில் பாட்டில் இல்லை. திரும்பி வந்து ரைட்டரிடம், லாரி புறப்படும்வரை எனக்கு அவகாசம் கொடுங்கள், தெளியாவிட்டால் நானே கூட வந்து ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் வேலையாக சவரிமுத்துவிடம் மணி பேச்சை எடுக்காதே என்றேன். அறையில் கூட்டத்தைக் கலைத்தேன். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்வதை மறுக்கவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. மகள் கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். ஆட்டுக்கறி என்றாள், உப்புக் கம்மி என்று குறைப்பட்டாள். அப்படியே பேச்சில் போனது பொழுது. அவளுக்கு எத்தனை வருஷம் போனதோ, எனக்கும் அன்று ஒரு வயசு கூடியது போலத்தான் இருந்தது.

வெயில் தணிந்த நேரத்தில் அவள் ஜன்னலைப் பார்த்தாள். மருந்தகத்துக்குக் கீழே இருந்த சரிவில் அவள் கூட்டத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கிற காடு. பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். ஏதோ ஒன்று அவளுக்கு ஒத்துவரவில்லை. கணக்குத் தப்பிப்போன முகம்.

"என்ன பார்க்கிறாய் புஷ்பம்?"

"செடி இடுப்பு ஒசரத்துக்குத்தான் நிக்கி."

"அதனால் என்ன?"

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். எனக்கு அந்த நேரத்தில் பெரிய யோசனை எல்லாம் ஓடவில்லை. சுவரில் மாட்டிய கடிகாரத்தை அவள் ஒருநாளும் பார்த்தவள் இல்லை, செடியை தினமும் பார்க்கிறவள் என்பது மட்டும் உறைத்தது. "வா, கிட்டப் போய்ப் பார்க்கலாம்" என்றேன். ரைட்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பாய், ஓடிப்போனா?" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். அவள் ஓடினால் கீழே ஓடை, அதற்கும் கீழே பாறை. அவளுக்கு ஏதாவது ஆனால் என் வேலையோடு போகாது, ஆயுசுக்கும் எனக்குத் தூக்கம் இருக்காது. சவரிமுத்துவை அவளுக்குக் கீழ்ப்பக்கமாக நடக்கச் சொல்லிவிட்டு, நான் கையைப் பிடிக்காமல் கூடவே இறங்கினேன். பிடித்தால் பயந்துவிடுவாள் என்று தோன்றியது.

இரண்டு வரிசை செடிக்கு நடுவில் போய் நின்றாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை உண்டு, அந்த வரிசையை அவள்தான் எடுக்க வேண்டும். புஷ்பம் செடியின் தலையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். கிள்ளிய காம்பின் முனைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஓடைக் கரையில் ஒரு செடிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அந்த ஒரு செடியில் மட்டும் கொழுந்து பாதிதான் எடுத்திருந்தது. ஓடைப் பக்கம் பார்த்த பாதியில் கொழுந்து முற்றி நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேலே நின்ற ரைட்டரைத்தான் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்.

"வேல வாங்குற கங்காணிட்டயும் ரைட்டரய்யாட்டயும் சொல்லிராதீய ஐயா. இந்தச் செடிய நான் முழுசா எடுக்கல. அந்தப் பக்கம் கால் வழுக்கும். போன தடவ பாதிய விட்டுட்டு ஓடிட்டேன்."

"சரி, சொல்லவில்லை."

"விட்ட பாதி விட்டபடியே நிக்கி." அந்த முற்றிய தண்டை விரலால் அளந்தாள். "ஒரு வாரத்துக் கொழுந்துதான் இது. வருசக்கணக்குல போயிருந்தா இது மரமாயிருக்கும்லா? கொம்பு ஏறிக் கூரைக்கு மேல போயிருக்கும்."

"போயிருக்கும்."

"போகலியே."

"போகவில்லை."

இவ்வளவுதான் நான் செய்த வைத்தியம். அவள் சேலையை மடித்துக்கட்டி மடியாக்கிக்கொண்டு, விட்டுப்போன பாதியை எடுக்க ஆரம்பித்தாள். சவரிமுத்து வழுக்குகிற பக்கத்தில் போய்க் காலை ஊன்றி நின்றுகொண்டான். முதலில் ஒரு கிள்ளலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வெகு நேரம் நின்றாள். அப்புறம் கை தன் பாட்டுக்கு நடந்தது. இரண்டு இலை, ஒரு குருத்து, மடி. இரண்டு இலை, ஒரு குருத்து, மடி. ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று வந்தது. நடுநடுவே நின்று வானத்தைப் பார்ப்பாள், உதடு அசையும், கண் எங்கேயோ போய்விடும். செடியைத் தொட்டதும் திரும்பி வந்துவிடுவாள். அவள் போனபோதெல்லாம் நான் ஒரு எட்டு நெருங்கி நின்றேன், வந்தபோதெல்லாம் அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

ரைட்டர் மெதுவாக இறங்கி வந்து அவள் மடியிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முற்றிய இலையை விட்டுவிட்டு நுனியை மட்டும் சுத்தமாகக் கிள்ளியிருந்தாள்.

"நல்லாத்தான எடுக்கறா" என்றார் என்னிடம். பிறகு கொஞ்சம் தயங்கி, "நம்ம ஊட்ல எங்கக்காவுக்கும் ஒருக்கா இப்படி ஆயி, அனுப்பி வெச்சோமுங்க. வரவே இல்லீங்க" என்றார்.  மேலே போய் லாரி டிரைவரிடம் கையை ஆட்டினார். லாரி தேயிலைப் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கியது.

சாயங்காலச் சங்கு ஊதியது. புஷ்பத்தின் கை அப்படியே நின்றது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் தலையைச் சாய்த்து, கடைசி இழுப்புவரை கேட்டாள். சங்கு ஓய்ந்து, மலையில் எதிரொலியும் ஓய்ந்தது.

"நின்னுட்டு" என்றாள். அப்படியே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டியது. நாடியைப் பிடித்தேன், நிதானமாக இருந்தது. 

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்தது சரி என்று அன்று எனக்குத் தெரியாது. வேறு சில காளானைத் தின்று அன்று சிரித்துவிட்டு மூன்றாம் நாள் சாகிறவர்களும் உண்டு. அதனால் அவளை மறுநாள் டாக்டர் பார்க்கும்வரை வீட்டுக்கு விடவில்லை, அதற்குப் பிறகும் சில நாள் தினமும் வரச் சொன்னேன். நீங்களும் காத்திருக்கிறபோது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், பார்த்துக்கொண்டே காத்திருங்கள். நேரம் தப்பிப்போனவர்களிடம் உங்கள் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். அவர்கள் நம்புகிற பொருள் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். அந்தப் பட்டணத்துப் பையனுக்கு அது என்னவென்று எனக்குத் தெரியாது. அவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

ஆயா பிள்ளையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் இறங்கி வந்தாள். புஷ்பம் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். இந்த முறை யார் பிள்ளை என்று கேட்கவில்லை. லூர்து தாயின் வாசனை தெரிந்ததும் முந்தானையைப் பிடித்து இழுத்து அழுதாள். நான் குறுக்கே போய், பால் நாளைக்குத்தான், இன்று கூடாது என்றேன்.

"நாளைக்குத்தான? வந்துரும்" என்றாள்.

பிறகு பிள்ளையின் வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டாள். முந்தின நாள் என் மேஜைக்கு முன்னால் நின்று தடவியதுபோலவே ஈறைத் தடவினாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. இரண்டாவது தரமும் தடவினாள். அவள் முகம் மலர்ந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"ஒரு பல்லுகூட முளைக்கல ஐயா" என்றாள். "அப்ப நான் ஒண்ணையும் விட்டுரல. எல்லாம் இனிமேத்தான்."